‘பிரிசன் பிரேக்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், அடிக்கடி வரும் சண்டைகள்

இந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் பாதி, “எந்த சீசனோடு நிறுத்தலாம்?” என்பதாக இருக்கும். மீதிப் பாதி, “அந்த அமிலம் உண்மையிலேயே குழாயைக் கரைக்குமா?” என்பதாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். என் கருத்துகளையும் ஒளிக்கப்போவதில்லை.

கதை என்ன?

லிங்கன் பர்ரோஸ் செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கிறான். கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுபவர் அமெரிக்கத் துணை அதிபரின் தம்பி. லிங்கனின் தம்பி மைக்கேல் ஸ்கோஃபீல்ட் ஒரு கட்டடப் பொறியாளர். அண்ணன் அடைபட்டிருக்கும் ஃபாக்ஸ் ரிவர் சிறையைப் புதுப்பிக்கும் வேலையில் அவன் பணிபுரிந்த நிறுவனத்துக்குப் பங்கு இருந்ததால், வரைபடங்கள் அவன் கையில் இருக்கின்றன. அவற்றை உடம்பில் பச்சை குத்திக்கொள்கிறான். ஒரு வங்கிக்குள் துப்பாக்கியோடு போய்க் கூரையைப் பார்த்துச் சுட்டு, வேண்டுமென்றே பிடிபட்டு, அதே சிறைக்குள் கைதியாக நுழைகிறான். அண்ணனை மின்சார நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் வெளியே கொண்டுவர வேண்டும்.

எத்தனை சீசன்? எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஐந்து சீசன், மொத்தம் 90 எபிசோடுகள். பால் ஷூரிங் உருவாக்கிய இந்தத் தொடர் 2005 ஆகஸ்ட் 29 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. முதல் இரண்டு சீசன்களும் 22 எபிசோடுகள் கொண்டவை. மூன்றாவது 13தான். நான்காவது 2009-இல் முடிந்தது. எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2017-இல் ஒன்பது எபிசோடுகளோடு ஐந்தாவது வந்தது. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. விடுமுறையில் தொடங்காதீர்கள், விடுமுறை காணாமல் போய்விடும்.

எந்த சீசனோடு நிறுத்தலாம்?

முதல் சீசனைக் கட்டாயம் பாருங்கள். இரண்டாவதையும் பாருங்கள். அதன்பிறகு உங்கள் பொறுமையைப் பொறுத்தது. ஏன் என்று கீழே சொல்கிறேன். ஆனால் இனிமேல் வரும் பதில்களில் கதையின் முடிச்சுகள் எல்லாம் அவிழும். புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். விடுதியில் படித்த காலத்தில், சிறை மருத்துவர் சாராவுக்கு என்ன ஆகிறது என்பதைச் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டே ஒருவன் சொல்லிவிட்டான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அண்ணனுக்காக இவ்வளவு செய்ய முடியுமா? நம்பும்படி இல்லையே?

“தம்பி உடையான் படைக்கு அஞ்சான்” என்று வளர்ந்த நமக்கே இப்படி ஒரு சந்தேகம் வருவது வேடிக்கை. முதல் சீசனின் பதினாறாவது எபிசோட் முழுக்க முன்கதை. அதைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அம்மா இறந்தபிறகு மைக்கேலின் படிப்புக்குப் பணம் வருகிறது. அம்மாவின் காப்பீட்டுத் தொகை என்று லிங்கன் சொல்கிறான். தம்பி அந்தப் பணத்தில் படித்துப் பொறியாளராகி, கோட் போட்டுக்கொண்டு, ஊதாரியாகத் திரியும் அண்ணனை இளக்காரமாகப் பார்க்கத் தொடங்குகிறான். உண்மையில் காப்பீடு என்று எதுவும் இல்லை. அது 90,000 டாலர் கடன், வாங்கியது லிங்கன். அந்தக் கடனை அடைக்க வழியில்லாமல்தான் அவன் சதிக்காரர்களின் வலையில் விழுகிறான். இது தெரிய வரும்போது லிங்கன் ஏற்கெனவே சிறையில் இருக்கிறான். மைக்கேல் அண்ணனைக் காப்பாற்றப் போகிறான் என்பதைவிட, வாங்கிய கடனைத் திருப்பித் தரப் போகிறான் என்றே நான் அந்தக் கதையைப் படிக்கிறேன். அண்ணன் கடன்பட்டுத் தம்பியைப் படிக்கவைத்த கதை நம் தெருவிலும் நாலு வீட்டில் இருக்கும்.

(நான்காவது சீசனில் லிங்கன் தத்துப்பிள்ளை, சொந்த அண்ணனே இல்லை என்று ஒரு திருப்பம் வைத்தார்கள். எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.)

அந்தப் பச்சை உண்மையில் குத்தியதா?

இல்லை. ஒட்டி எடுக்கும் வகைதான். மேலுடம்பு முழுவதும் ஒட்டி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முழுக்கைச் சட்டை போட்ட காட்சிகளில் வெளியே தெரியும் பகுதியை மட்டும் ஒட்டினால் போதும்.

வரைபடத்தை மனப்பாடம் செய்திருக்கலாமே? எதற்குப் பச்சை?

ரசிகர்களிடையே மிகப் பழைய சண்டை இது. தொடருக்குள்ளேயே பதில் ஒளிந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் சூடான குழாயில் மோதி மைக்கேலின் முதுகில் தீக்காயம் படுகிறது. வரைபடத்தில் ஒரு துண்டு அதோடு போய்விடுகிறது. அது என்னவென்று அவனுக்கே நினைவில்லை! ஆரம்பத்தில் அவனோடு ஒரே கொட்டடியில் இருந்த மனநோயாளி ஹேவைருக்கு மட்டும் அந்தப் படம் முழுவதும் மனத்தில் பதிந்திருக்கிறது. மைக்கேல் மனநலப் பிரிவுக்குள் நுழைந்து, எவனைத் தந்திரமாக வெளியேற்றினானோ அவனிடமே போய் வரைந்து தரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கதாநாயகன் எல்லாம் அறிந்தவன் அல்லன் என்று காட்டிய இடம் அது. அதற்காகவே பச்சையை மன்னித்துவிடலாம்.

பச்சையில் மிகச் சிறந்த குறிப்பு எது?

பலர் பேய் முகத்தைச் சொல்வார்கள். அதை நிழலாகச் சுவரில் விழவைத்து, எங்கெங்கே துளை போட்டால் கான்கிரீட் பலமிழக்கும் என்று கண்டுபிடிப்பார்கள்; துளை போட முட்டை அடிக்கும் கருவி! எனக்குப் பிடித்தது அதைவிட எளியது.

‘ஆலன் ஷ்வைட்சர் 11121147’ என்று கையில் எழுதியிருக்கும். பார்ப்பவர்கள் ஆள் பெயர் என்று நினைப்பார்கள். அது ஒரு போல்ட். சிறை முற்றத்துப் பெஞ்சில் இருக்கும் அந்தப் போல்ட்டைக் கழற்றி, கையில் வரைந்திருக்கும் படத்தின் மீது வைத்து அளவு பார்க்கிறான். பிறகு இரவெல்லாம் கொட்டடித் தரையில் தேய்க்கிறான். வட்ட முனை மெல்ல மெல்ல ஆறு பட்டையாகிறது. சைக்கிள் கடையில் பார்த்திருப்போமே, அந்த ஆலன் கீ. அதைக்கொண்டு கழிப்பறைப் பீங்கானைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் பின்னால் சுவர். சுவருக்குப் பின்னால் குழாய்கள் ஓடும் சந்து. துப்பாக்கி இல்லை, வெடி இல்லை. ஓர் இரும்புத் துண்டும் ஒரு சிமெண்டுத் தரையும்தான். தொடர் என்னைப் பிடித்துக்கொண்டது அந்தத் தேய்க்கும் சத்தத்தில்தான்.

அந்த அமிலம் உண்மையா?

மருத்துவ அறைக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாயைக் கரைக்க, மைக்கேல் இரண்டு பொருள்களைச் சிறிது சிறிதாக வடிகாலில் ஊற்றுகிறான். ஒன்று தாமிர சல்பேட், அதாவது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் மயில்துத்தம். மற்றொன்று பாஸ்பாரிக் அமிலம்.

பள்ளியில் நீலக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டுவைத்த சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆணி கரைந்தா போனது? செம்பு நிறத்தில் ஒரு பூச்சு படிந்தது, நீலம் வெளிறியது, அவ்வளவுதான். பாஸ்பாரிக் அமிலமோ துரு எடுக்கப் பயன்படுவது. இரும்பின் மேல் பாஸ்பேட் படலத்தை உண்டாக்கி ஓரளவு காக்கவும் செய்யும். இரண்டும் சேர்ந்து இரும்பைக் கொஞ்சம் அரிக்கலாம். கனமான வடிகால் குழாயைச் சில வாரங்களில் காலால் உதைத்தால் உடையும் அளவுக்கு ஆக்கும் என்பது கதை. யாரும் வீட்டுக் கழிவறையில் முயன்று பார்க்க வேண்டாம்.

சர்க்கரை நோய் நாடகம்?

பாதி உண்மை. தினமும் மருத்துவ அறைக்குப் போக ஒரு காரணம் வேண்டுமென்று மைக்கேல் தனக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் என்று சொல்லிக்கொள்கிறான். அவர்கள் போடும் இன்சுலின் அவனைக் கொன்றுவிடாமல் இருக்க, சக கைதி சி-நோட் மூலம் ‘பக்நாக்’ என்ற மாத்திரையை வாங்கி விழுங்குகிறான். அந்தப் பெயரில் ஒரு வேதிப்பொருள் உண்டு. உயிரணுக்களில் இன்சுலின் எதிர்ப்பை உண்டாக்கிப் பார்க்க ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது கடையில் கிடைக்கும் மாத்திரை அல்ல.

பதின்மூன்றாவது எபிசோடைப் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

தொடரின் உச்சம் அதுதான். இறுதி எபிசோட் அல்ல.

ஃபாக்ஸ் முதலில் 13 எபிசோடுகளுக்குத்தான் உத்தரவு கொடுத்திருந்தது. பார்வையாளர்கள் குவிந்ததால் அதை 22 ஆக்கியது. ஆகவே பதின்மூன்றாவதில் தப்பிவிடுவார்கள் என்றுதான் எந்தப் பார்வையாளரும் எதிர்பார்ப்பார்.

காவலர்களின் ஓய்வறைத் தரையைத் தோண்டியாகிவிட்டது. தோண்டிய சிமெண்டுத் துகளைக் கால்சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போய் முற்றத்தில் நடந்துகொண்டே கொட்டியாகிவிட்டது. லிங்கன் வயிற்றைக் குமட்டும் மாத்திரையை விழுங்கி மேலே மருத்துவ அறைக்கு வந்து காத்திருக்கிறான். கீழே இருட்டில் மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஊர்ந்து வருகிறார்கள். மைக்கேல் அந்தக் குழாயை அடைகிறான். பல வாரமாக அவன் அரித்துவந்த குழாய். அதன் இடத்தில் புதுக் குழாய் பளபளக்கிறது. பழுதுபார்ப்பவர்கள் மாற்றிவிட்டார்கள்.

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. வில்லன் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பழுதான குழாயை மாற்றுவது அன்றைய வேலை, மாற்றினார்கள். இவ்வளவு பெரிய திட்டம் ஒரு பிளம்பரின் ஒழுங்கான வேலையில் உடைந்துபோகிறது. பொறியியல் வேலை பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் இந்தக் காட்சியில் வயிறு கலங்கியிருக்கும். வரைபடத்தில் ஒன்றும், போய்ப் பார்த்தால் இன்னொன்றுமாக இருந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு.

அமெரிக்காவில் இது ஒளிபரப்பானது 2005 நவம்பர் 28 அன்று. அடுத்த எபிசோட் 2006 மார்ச் 20 அன்றுதான் வந்தது. ஏறத்தாழ நான்கு மாதம் அந்தப் புதுக் குழாயையே நினைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். நாம் அடுத்த பொத்தானை அழுத்திவிடுகிறோம். நம்மைப் பார்த்தால் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் தப்பிய எட்டுப் பேர் யார்?

மைக்கேல், லிங்கன், சுக்ரே, அப்ருஸி, சி-நோட், டி-பேக், ட்வீனர், ஹேவைர். மின்கம்பி வழியாகச் சுவரைத் தாண்டியபோது சுக்ரேயின் உறவினன் மான்சே கம்பி அறுந்து விழுந்து பிடிபட்டான். முதியவர் வெஸ்ட்மோர்லேண்ட் மருத்துவ அறையைத் தாண்டவில்லை. யூட்டாவில் புதைத்துவைத்த ஐம்பது லட்சம் டாலர் பற்றிச் சொல்லிவிட்டு அங்கேயே இறந்துபோனார்.

வெஸ்ட்மோர்லேண்ட்தான் டி.பி. கூப்பரா?

தொடரில் ஆம். நிஜத்தில் அந்த ஆள் யார் என்றே தெரியாது. 1971 நவம்பர் 24 அன்று போர்ட்லாந்திலிருந்து சியாட்டில் போன போயிங் 727 விமானத்தைக் கடத்தி, 2 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, பாராசூட்டில் குதித்து மறைந்தவருக்குச் செய்தித்தாள்கள் வைத்த பெயர் அது. தொகையைத் தொடர்க்காரர்கள் தாராளமாக உயர்த்திக்கொண்டார்கள்.

டி-பேக்கை ரசிப்பது தப்பா?

இதுதான் மிகக் கடுமையான சண்டை. தியடோர் பேக்வெல் கொலைகாரன், பாலியல் குற்றவாளி. தொடர் அதை மறைக்கவில்லை. ஆனால் நடிகர் ராபர்ட் நெப்பர் அந்த வேடத்துக்குக் கொடுத்த குரல், அந்தத் தெற்கத்திய இழுவை, வெட்டுப்பட்ட கையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிடிவாதம் ஆகியவை பார்ப்பவரைச் சிரிக்கவைத்துவிடுகின்றன. சிரித்த பிறகு நமக்கே வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் முதல் சீசனில் சரியாக வேலை செய்தது. பின்னால் எழுத்தாளர்களுக்கே அவன்மேல் செல்லம் வந்துவிட்டது, பிரச்சினை அங்கேதான். நடிப்பை ரசியுங்கள். அவனுக்காகக் கண்ணீர் விடச் சொன்னால் என்னால் முடியாது.

சாராவின் தலை விவகாரம் என்ன?

மூன்றாவது சீசனில் சாராவின் துண்டிக்கப்பட்ட தலையை ஒரு பெட்டியில் லிங்கனுக்குக் காட்டுகிறார்கள். சாராவாக நடித்த சாரா வேய்ன் காலிஸ் அப்போது கர்ப்பமாக இருந்தார். அந்த சீசனில் நடிக்கவில்லை. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். நான்காவது சீசன் தொடங்கியதும், அந்தத் தலை வேறொருத்தியுடையது என்று சொல்லிச் சாராவை உயிரோடு கொண்டுவந்தார்கள். தர்க்கத்துக்குப் பெரிய அடி. ஆனால் தப்பிக்கும் இரவில் மருத்துவ அறைக் கதவைப் பூட்டாமல் விட்டுப்போனவள் அவள். அந்த ஒரு திறந்த கதவுக்காக எந்த ஓட்டையையும் பொறுத்துக்கொள்வேன்.

இரண்டாவது சீசனில் சிறையே இல்லையே?

ஆனாலும் நன்றாக இருக்கிறது, காரணம் மஹோன். வில்லியம் ஃபிக்ட்னர் நடித்த இந்த எஃப்பிஐ அதிகாரி, மைக்கேலின் பச்சையைப் புகைப்படங்களிலிருந்தே படிக்கத் தொடங்குகிறான். திட்டம் போட்டவனுக்கு நிகராக அதைப் படிக்கத் தெரிந்த ஒருவன் வந்துவிடுகிறான். தலைகீழாகத் திருப்பினால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக மாறும் சொற்கள் இந்த சீசனில்தான் வருகின்றன.

மூன்றாவது ஏன் இவ்வளவு குட்டை?

2007 நவம்பரில் தொடங்கி 2008 பிப்ரவரி வரை அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 13 எபிசோடுகளோடு முடிந்தது. பனாமாவில் காவலர்களே உள்ளே நுழையாத சோனா சிறை நல்ல கற்பனைதான். ஆனால் கையில் வரைபடம் இல்லாத மைக்கேலுக்குப் போல்ட்டுகளோடு இருந்த உறவு அறுந்துபோனது.

நான்காவதில் பார்க்கத் தகுந்தது ஏதாவது உண்டா?

பெல்லிக்கின் மரணம். முதல் சீசனில் கைதிகளை வாட்டி வதைத்த காவலர் தலைவன். பிறகு பதவி போய், சோனாவில் கைதியாகவே அடைபட்டு, கடைசியில் மைக்கேல் கூட்டத்தோடு சேர்கிறான். நிலத்தடியில் அவர்கள் கடந்துபோக வேண்டிய வழியைத் தாங்கிப் பிடிக்க, தண்ணீர் பாயப்போகும் பெரிய குழாய்க்குள் இறங்கி நின்று மூழ்கி இறக்கிறான். மீண்டும் ஒரு குழாய்! ‘ஸில்லா’, ஆறு அட்டைகள், ‘கம்பெனி’ என்ற சதிக் கும்பலின் சூழ்ச்சிகள் எல்லாம் எனக்கு மறந்துவிட்டன. அந்தக் குழாய்க்குள் நின்ற பருமனான மனிதன் மறக்கவில்லை.

மைக்கேல் இறந்தானா, இல்லையா? எந்த வரிசையில் பார்ப்பது?

நான்காவது சீசனின் இறுதி எபிசோட், சில ஆண்டுகள் கழித்து அவன் கல்லறையைக் காட்டி முடிகிறது. எப்படி இறந்தான் என்பதை ‘தி ஃபைனல் பிரேக்’ என்ற தனிப்படம் சொல்கிறது: சிறையில் இருக்கும் சாராவை வெளியே அனுப்ப, தன் உடலாலேயே மின்சாரத்தைத் துண்டிக்கிறான். இறுதி எபிசோடை முதலில் பார்த்துவிட்டு இதைப் பாருங்கள். பிறகு ஐந்தாவது சீசன் அவன் சாகவே இல்லை என்கிறது.

ஐந்தாவதைப் பார்க்கலாமா?

ஏக்கத்துக்காகப் பார்க்கலாம். கிரேக்க இதிகாசமான ஒடிஸியை அடியில் வைத்துப் பின்னியிருக்கிறார்கள். மைக்கேல் அடைபட்டிருக்கும் யேமன் சிறையின் பெயர் ஒகிஜியா. ஒடிஸியஸ் ஏழு ஆண்டு சிக்கியிருந்த தீவின் பெயர் அது. மைக்கேலும் ஏழு ஆண்டு காணாமல் போனவன். அவனுடைய புதுப் பெயரில் வரும் ‘அவுட்டிஸ்’ என்றால் கிரேக்கத்தில் ‘யாருமில்லை’ என்று பொருள். யோசனை அழகு. ஒன்பது எபிசோடில் அவசர அவசரமாக அள்ளிப்போட்டுவிட்டார்கள்.

நிஜத்தில் இப்படி யாராவது தப்பியிருக்கிறார்களா?

1962 ஜூனில் அல்கட்ராஸ் தீவுச் சிறையிலிருந்து ஃபிராங்க் மாரிஸும் ஆங்லின் சகோதரர்கள் இருவரும் தப்பினார்கள். கொட்டடிக்குப் பின்னால் காவல் இல்லாத ஒரு குழாய்ச் சந்து இருந்தது. கரண்டிகளையும், தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரில் செய்த துளைப்பானையும் கொண்டு காற்றுத்துளையைப் பெரிதாக்கினார்கள். படுக்கையில் காகிதக் கூழால் செய்த தலைகளை வைத்துவிட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட மழைக்கோட்டுகளை ஒட்டிச் செய்த தெப்பத்தில் ஏறினார்கள். பிறகு அவர்களைக் கண்டவர் இல்லை. மைக்கேலின் கொட்டடிக்குப் பின்னால் இருக்கும் சந்தைப் பார்த்தபோது எனக்கு இந்த மூவர்தான் நினைவுக்கு வந்தார்கள்.

தொடர் வந்து பத்து ஆண்டு கழித்து, 2015 ஜூனில், நியூயார்க் மாநிலத்தின் டேனமோரா சிறையில் இருவர் எஃகுச் சுவரை அறுத்து, ஒரு நீராவிக் குழாயையும் அறுத்து அதற்குள் ஊர்ந்து வெளியேறினார்கள். ரம்பத் தகடுகள் உறைந்த இறைச்சிக்குள் மறைத்து உள்ளே வந்தவை. சுமார் மூன்று வாரம்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார், மற்றவர் பிடிபட்டார்.

மைக்கேல் மறுபடி வருவானா?

மைக்கேலாக நடித்த வென்ட்வொர்த் மில்லர் 2020 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: தன்பாலீர்ப்பாளரான தான் இனி எதிர்பால் ஈர்ப்புள்ள பாத்திரங்களில் நடிக்க விரும்பவில்லை, ஆகவே மைக்கேலாக வரமாட்டேன் என்று. ஏமாற்றமடைந்த ரசிகர்கள் அவரைத் திட்டுவது அசிங்கம். அதே உலகில் புதிய பாத்திரங்களோடு ஹுலு நிறுவனத்துக்காக எல்ஜின் ஜேம்ஸ் ஒரு தொடரை உருவாக்குகிறார். அதில் மைக்கேலைத் தேடாதீர்கள்.

அந்தச் சிறையை நேரில் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஃபாக்ஸ் ரிவராகக் காட்டியது சிகாகோவுக்கு அருகே ஜோலியட்டில் இருக்கும் பழைய மாநிலச் சிறையை. 1858-இல் திறந்து 2002-இல் மூடினார்கள். அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டு கைதிகளே கட்டிய சுவர்கள். 2018 முதல் உள்ளூர் அருங்காட்சியகத்தார் மக்களைச் சுற்றிக் காட்டுகிறார்கள். போகிறவர்கள் சுவரையும் கோபுரத்தையும் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் போனால் தரையில் இருக்கும் வடிகால் மூடிகளைத்தான் முதலில் பார்ப்பேன்.